அண்ணாச்சி விழாத ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் எங்கள் ஊர்ச் சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். அய்யாத்துரை அண்ணாச்சி பொறுமைசாலியாம். இத்தனை வருட நோயைப் பொறுமையாகச் சுமந்தாராம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச அது இடமில்லை என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இறந்தவர் எனக்கு அத்தான். என் அக்கா முப்பிடாதியின் கணவர். தாராவியில் அவர்களுடைய ஒற்றை ரூமில் தங்கித்தான் கல்லூரியில் படித்தேன், செம்பூரில் ஆபீஸ் வேலை கிடைத்தபிறகும் அங்கிருந்தே போய்வந்தேன். அதனால் சொல்கிறேன். அத்தானிடம் பொறுமை என்ற பொருளே கிடையாது. டீ ஆறும்வரை காத்திருக்க மாட்டார். வாய் வெந்தாலும் குடித்துவிட்டு டம்ளரை நங்கென்று வைப்பார். நோய் வந்தபிறகு அந்த ஆத்திரத்தை எல்லாம் அதன்மேல் திருப்பினார். அதோடு அவர் நடத்தியது சண்டை. பொறுமை என்று பெயர் வைத்து அந்தச் சண்டையை யாரும் அழித்துவிடக்கூடாது.

முகம்மது ஹனீப் மொதலாளியின் தோல் ஷாப்பில் அத்தான் மேஸ்திரி. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை எப்போது எடுப்பது, எவனை எந்த வேலைக்கு விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதோடு சங்கத்துக்குத் தலைவர். எங்கள் ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்து இறங்குகிறவன் முதலில் பாய் விரிப்பது சங்க ரூமில்தான். வேலை கிடைக்கும்வரை சோறும் அங்கேதான். அந்த ரூமுக்கு அத்தான் போட்ட விதிகள் சில உண்டு. அதில் ஒன்று எல்லோருக்கும் தெரியும். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஆனால் சாக்கடை ஓரத்தில் சாராயம் காய்ச்சாத இடம் கிடையாது. குடித்துவிட்டுப் போலீசில் பிடிபட்டவன், அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சபைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டும். விழ மாட்டேன் என்றால் சங்கத்தில் இடமில்லை. அதே ஷாப்பில் தோலுக்குச் சாயம் ஏற்றும் இசக்கி இரண்டு தடவை விழுந்தவன். இரண்டு தடவையும் அத்தான்தான் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நோய் வலது கையில் ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக உருட்டிக்கொண்டே இருக்கும்.

“என்ன அண்ணாச்சி, பீடி சுத்த ஆரம்பிச்சிட்டீயளா? ஊர்ல பொம்பளையாளுவ வேலையில்ல அது?” என்றான் இசக்கி.

அத்தான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு நடை சுருங்கியது. குரல் இறங்கியது. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆனால் இது எதுவும் காலையில் கிடையாது. விழித்து எழுந்ததும் பழைய ஆள். குழாயடியில் குடத்தைத் தூக்குவார், தானே சவரம் செய்வார், ஷாப்பில் நின்று அதட்டுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உடம்பு ஒவ்வொரு கதவாகச் சாத்தும். விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைப் பிடித்துத்தான் நடக்க முடியும்.

ஹனீப் மொதலாளி வற்புறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானும் போனேன். டாக்டர் மராட்டிக்காரர், நல்ல மனிதர். என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். மூளையின் ஆழத்தில் சின்ன இடம் ஒன்று இருக்கிறது, நாம் நினைத்தபடி உடம்பை அசைய வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு, அங்கே உள்ள உயிரணுக்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, பார்க்கின்சன் நோய் என்றார். குணமாகாது, மருந்து கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கும். காலையில் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். மூளைக்கும் பகல் இரவு என்று ஓட்டம் உண்டு, தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் உடம்பு இளகியிருப்பதாகப் பல நோயாளிகள் சொல்கிறார்கள், ஏன் என்று எங்களுக்கும் விளங்கவில்லை என்றார். வெளியே வந்து அத்தானிடம் தமிழில் சொன்னேன்.

“விளங்காட்டாப் போகுது. அந்தக் கொஞ்ச நேரத்த எனக்கு விட்டுரச் சொல்லு. மீதியை நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

அந்த நோய்க்கு வெளிநாட்டில் புது மருந்து கண்டுபிடித்திருப்பதாகவும், கட்டையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடப்பதாகவும் இப்போது பத்திரிகையில் வருகிறது. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு குப்பித் திரவம். ஏதோ செடியின் சாற்றை ஸ்பிரிட்டில் இறக்கியது. தண்ணீரில் சொட்டு விட்டுக் குடிக்க வேண்டும். குடித்தால் விறைப்பு கொஞ்சம் விடும். ஆனால் நாக்கு வறளும், கண்ணின் கருமணி விரிந்துகொள்ளும், வாயில் ஸ்பிரிட் வாடை அடிக்கும்.

அத்தான் தன் நாளை இரண்டாக வெட்டினார். வேலை, சங்கம், சண்டை, சத்தம் எல்லாம் காலைக்கு. ஹனீப் மொதலாளியும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றார். சாயங்காலம் அவருடையது, அதை யாருக்கும் காட்டுவதில்லை. ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வார். அந்த நேரத்து அத்தானை அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தெருவுக்குத் தெரிந்தது காலையில் குடம் தூக்கும் அய்யாத்துரை அண்ணாச்சி. அந்தப் பிடிவாதம்தான் அவருக்கு வினையாக வந்தது.

அறுபத்திரண்டாம் வருடம், மழை முடிந்த சமயம். குப்பி காலியாகிவிட்டது. அந்த மருந்து மாதுங்காவில் ஒரு கடையில்தான் கிடைக்கும். நான் ஆபீசிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. வேறு யாரையாவது அனுப்பலாம் என்றாள் அக்கா. “ஊருக்கே தண்டோரா போடு” என்று சொல்லிவிட்டு அவரே கிளம்பிவிட்டார். போகும்போது கால் கொண்டுபோய் விட்டது, வரும்போது கொண்டுவரவில்லை. கடையிலேயே தண்ணீர் வாங்கி ஒரு வேளை மருந்தைக் குடித்திருக்கிறார். ரயில் பாலத்தின் மேல் படிக்கட்டு வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே போலீஸ் வேன் நின்றது. குடிகாரர்களை அள்ளும் வேன்.

“க்யா அண்ணா, கித்னா பியா?” என்றான் கான்ஸ்டபிள். எவ்வளவு குடித்திருக்கிறாய் என்று.

அத்தான் பதில் சொல்ல வாயெடுத்தார். வறண்ட நாக்கில் குரல் குழறியது. கான்ஸ்டபிள் முகத்தருகே மூக்கை நீட்டி மோந்தான், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தான். தள்ளாட்டம், குழறல், வாடை, விரிந்த கருமணி. வேறு என்ன வேண்டும்? மருந்துக் குப்பியையும் பிடுங்கிக்கொண்டு வேனில் ஏற்றினார்கள். எதிர்ச்சாரியில் பான் வாங்கிக்கொண்டிருந்த இசக்கி எல்லாவற்றையும் பார்த்தான்.

காலையில் நானும் அக்காவும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அத்தான் லாக்கப்பில் நிமிர்ந்து நின்றார். ஹவில்தாரிடம் உரத்த குரலில் வழக்காடிக்கொண்டிருந்தார். ஹவில்தார் சிரித்தார். ராத்திரி நிற்கக்கூட முடியாமல் வந்த ஆள் இப்போது சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நேராக நிற்கிறான், பாருங்கள் என்று எங்களிடமே காட்டினார். “உதர் கயீ” என்றார். போதை இறங்கிவிட்டதாம். தெளிவாக நிற்பதே அத்தான் குடித்ததற்குச் சாட்சியாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். பார்த்துவிட்டுக் கேஸ் எழுதாமல் எச்சரித்து அனுப்பினார்கள். “இனிமேல் குடிக்காதே” என்று அறிவுரையும் சொன்னார்கள். குப்பியைத் திருப்பித் தந்தார்கள். அத்தான் வாசலில் நின்று திரும்பி, “நான் குடிக்கல” என்று தமிழில் கத்தினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குழாயடியில் இசக்கி காத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமைக்குப் பாய் விரிச்சுப் போடட்டா, இல்ல வெறுந்தரையிலயே விழுதீயளா? எனக்கு வெறுந்தரைதான் குடுத்தீய. சொல்லிப்புட்டேன்.”

வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தான் குடத்தை நிரப்பித் தோளில் ஏற்றினார். “ஞாயித்துக்கிழமை வாலே, பாக்கலாம்” என்றார்.

ரூமுக்குள் வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“எதுக்கு இந்த வீம்பு? விழுந்து கும்பிட்டுட்டு வாங்க. கண்ண மூடித் தொறக்குத வேலை. நீங்க குடிக்கலைன்னு எனக்குத் தெரியும், எந்தம்பிக்குத் தெரியும். அது போதாதா?”

“போதாது.”

“விழுந்தா எந்திக்க முடியாதுன்னு பயமா? நான் வந்து தூக்கிவிடுதேன்.”

“விழுறதும் கெடையாது, தூக்குறதும் கெடையாது. செய்யாத தப்புக்கு விழுந்தேன்னா, செஞ்சு விழுந்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

ஹனீப் மொதலாளி சங்கத்துக்கு வந்து சொல்வதாக ஆள் அனுப்பினார். மொதலாளி சொல்லித்தான் தான் யோக்கியன் ஆகவேண்டுமா என்று அதையும் மறுத்துவிட்டார்.

ஞாயிறு காலை. பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டுச் சங்க ரூமில் ஆண்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் வாசலிலும் நின்றார்கள். அப்படிக் கூட்டம் சேர்ந்து நான் பார்த்ததில்லை. விழுவதைப் பார்க்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். செயலாளர் நெல்லையப்பன் சாது. மில்லில் வேலை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி எல்லோருக்கும் காட்டி, அண்ணாச்சிக்கு நடுக்குவாதம், அதனால்தான் போலீஸ்காரன் தப்பாக நினைத்துவிட்டான், விஷயத்தை இதோடு முடித்துக்கொள்வோம் என்றார்.

இசக்கி எழுந்தான்.

“வியாதி இருக்குன்னு சீட்டு சொல்லுது. சரி. வியாதிக்காரன் குடிக்க மாட்டான்னு எந்தச் சீட்டுல இருக்கு?”

கூட்டத்தில் முணுமுணுப்பு. கேள்வியில் நியாயம் இருந்தது.

“இப்ப அண்ணாச்சியப் பாருங்க. எப்படி நிக்காவ? தூண் மாதிரி. வெள்ளிக்கிழமை பொழுதடையப் பாத்தேன், வெத்தலைக் கொடி மாதிரி கம்பியில சுத்திக்கிட்டுக் கெடந்தாவ. வியாதின்னா காலையில எங்க போச்சு? வியாதிக்கு ஷிப்டு உண்டா?”

ரூமே சிரித்தது. அத்தானும் சிரித்தார்.

“உண்டுலே. ரெண்டாவது ஷிப்டு. சாயங்காலம் வேலைக்கு வரும். பாக்கணுமா? எல்லாரும் இருங்க. காலையில இருந்து பொழுதடைய எம்பக்கத்துலயே இருங்க. நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். மருந்துகூடத் தொட மாட்டேன், அதுல ஸ்பிரிட்டு வாடை இருக்கு. எவன் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் என் வாய மோந்து பாக்கலாம். சாயங்காலமும் நான் தூண் மாதிரி நின்னேன்னா, வெறுந்தரையில விழுதேன்.”

சொல்லிவிட்டுச் சுவரில் சாயாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலைவர் எழுந்து கூட்டம் முடிந்தது என்று சொல்லும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். அதனால் அவர் உட்கார்ந்தார் என்றால் ஊரே உட்கார்ந்தது என்று அர்த்தம்.

முற்பகல் முழுக்கச் சங்க வேலையை நடத்தினார். தண்ணீர்க் குழாய்க்கு மனு போடுவது, ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு மேளக்காரர்களை எங்கிருந்து கூப்பிடுவது, ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த இருவரை எந்த ஷாப்பில் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்தார். குரல் கணீரென்று இருந்தது. இசக்கி ஒட்டி உட்கார்ந்து காவல் காத்தான். டீ வந்தபோது வாங்கி மோந்துவிட்டுக் கொடுத்தான். மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்தாள். அதையும் மோந்தான்.

“மோந்தா போதுமா? நக்கியும் பாத்துக்கிடும். பாத்திரம் கழுவுத வேலை எனக்கு மிச்சம்” என்றாள் அக்கா.

“கோவப்படாதீய மைனி. சட்டம் போட்டது உங்க வீட்டுக்காரருதான்.”

சாப்பாட்டுக்குப் பிறகு சிலர் சீட்டு விளையாடினார்கள், சிலர் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார்கள். அத்தான் கண்ணை மூடவில்லை. தூங்கினால் உடம்பு கொஞ்சம் இளகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒரு சலுகையை அன்றைக்கு அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். வெயில் வாசல்படியைவிட்டு நகர்ந்தபோது கட்டைவிரல் உருட்ட ஆரம்பித்தது. வழக்கமாகச் சட்டைப்பைக்குள் போகும் கையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி முழங்கால்மேல் வைத்தார்.

சீட்டு ஆட்டம் மெல்ல நின்றது. கை, முழங்கை, தோள் என்று நடுக்கம் ஏறியது. முகத்தில் சிரிப்பும் கோபமும் வடிந்து, செதுக்கி வைத்த மரம் போலாயிற்று. ஏதோ சொன்னார், பக்கத்தில் இருந்த இசக்கிக்கே கேட்கவில்லை. கடைவாயில் எச்சில் இறங்கியது. துடைக்கக் கையைக் கொண்டுபோனார். அது பாதி வழியில் நின்றது. காலையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் குனியவில்லை. ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மடியிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“போதும். மருந்தக் குடிங்க. இப்படியே விட்டா கட்டையாப் போயிருவீய.”

அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள்: “கட்டையாப் போறதத்தான பாக்கச் சொல்லுதேங்காவ.”

நெல்லையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “போதும் அண்ணாச்சி. பாத்தாச்சு. எலே இசக்கி, நீ சொல்லுலே.”

இசக்கி அத்தானின் வாயருகே குனிந்தான். சடங்குக்கு இல்லை, நன்றாகவே மோந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் சரியில்லை.

“வாடை இல்ல. நான் மோந்து குடுத்த டீயத் தவிர ஒண்ணும் குடிக்கல. அவிய விழ வேண்டாம்” என்றான்.

யாரும் எதிர்க்கவில்லை. தீர்மானம் முடிந்துவிட்டது. இனி தலைவர் எழுந்து கூட்டத்தை முடிக்க வேண்டியதுதான். அவரால் எழ முடியவில்லை.

உடம்பை முன்னால் தள்ளினார். இடுப்பு வரவில்லை. மறுபடியும் தள்ளினார். இசக்கி பாய்ந்து அக்குளில் கையைக் கொடுத்தான்.

“கைய எடுலே.”

சாயங்காலத்தில் அவருக்கு அத்தனை குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வாசல்வரை கேட்டது. இசக்கி கையை எடுத்துவிட்டான். நான் போனேன், என்னைப் பார்த்த பார்வையில் நானும் நின்றுவிட்டேன். குற்றமில்லை என்று சபை சொன்னபிறகு அதே சபை அவரைத் தூக்கி நிறுத்துவதா? அது அவருக்கு விழுவதற்குச் சமம்.

ஆக, எல்லோரும் உட்கார்ந்தோம். நெல்லையப்பன் விளக்கை ஏற்றினார். வெளியே கடைக்காரன் வடை பொரிக்கும் வாசனை வந்து பசியைக் கிளப்பியது. வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து எட்டிப்பார்த்து அப்பாவைக் கூப்பிட்டன. ஒருவரும் நகரவில்லை.

“அண்ணாச்சி, கூட்டம் முடிஞ்சுதுன்னு உக்காந்தே சொல்லிருங்களேன்” என்று ஒருவர் கெஞ்சினார்.

அத்தான் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தலை மார்பில் சாய்ந்தது. நாள் முழுக்க விரட்டிவைத்த தூக்கம் அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. முழங்கால்மேல் இருந்த கை மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஓய்ந்தது.

“ஏ, கை நின்னுபோச்சு!” இசக்கி அலறினான். “மைனி, அண்ணாச்சி போயிட்டாவளா?”

“வாயக் கழுவும். தூங்குதாவ. தூக்கத்துல அது வராது. தொடாதீய. தானா முழிச்சா எந்திப்பாவ.”

அதன்பிறகு அந்த ரூமில் இருமக்கூட ஆளில்லை. ரயில் போகும்போது மட்டும் தகரக்கூரை அதிர்ந்தது. விழித்துவிடுவாரோ என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கையையே பார்த்தபடி இசக்கி உட்கார்ந்திருந்தான். சாதாரணமான கை. சுண்ணாம்பில் வெந்து காய்த்த கை. அசையாமல் கிடந்தது.

கண்ணைத் திறந்தபோது தான் எங்கே இருக்கிறோம் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்தார். கை பாதியில் நிற்கவில்லை. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மூச்சைப் பிடித்து எழுந்தார். தள்ளாடியது. பிடிக்க நீண்ட கைகள் எல்லாம் பாதியிலேயே தாமாக மடங்கிக்கொண்டன. அவர் நின்றார். தூணைப் போல இல்லை. கூன் விழுந்து, முழங்கால் மடங்கி. ஆனால் அவருடைய காலில்.

“அண்ணாச்சி, அந்த விழுற விதிய இத்தோட எடுத்துரலாமா?” என்றார் நெல்லையப்பன், நல்ல நேரம் பார்த்து.

“எதுக்கு எடுக்கணும்?” குரல் தாழ்வாக இருந்தது, ஆனால் சொல் தெளிவாக இருந்தது. “குடிக்காதவன் விழ வேண்டாம். குடிச்சவன் விழட்டும். எலே இசக்கி, கேட்டியாலே?”

“கேட்டுச்சு அண்ணாச்சி.”

“கூட்டம் முடிஞ்சுது” என்றார். விறைப்பு திரும்பி வருவதற்குள் வீடுபோய்ச் சேரவேண்டும் என்று செருப்பைக்கூடத் தேடாமல் சந்துக்குள் இறங்கி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம், அவரை முந்தாமல்.